கேமரா வாங்க மானியம் வந்தது, பார்த்துக்கொள்ள யார் தருவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். வழிப்பறி, எரியாத தெருவிளக்கு, ஓடாத கேமரா, அப்புறம் "இதற்கெல்லாம் வந்த பணம் எங்கே போனது" என்ற கேள்வி. அதனால் நிலப் பட்டா, ஓய்வூதியம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 27 வருடம் மலேசியாவில் ஓர் ஊராட்சி மன்றத்தின் நிதிப் பிரிவில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவள், பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

*

கேள்வி: அக்கா, வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நேர் எதிரே கம்பத்தில் சிசிடிவி இருக்கிறது. போலீஸ் பாலாயில் ரிப்போர்ட் செய்தேன், "கேமராவில் ஒன்றும் பதிவாகவில்லை" என்றார்கள். மஜ்லிஸில் (ஊராட்சி மன்றத்தில்) போய்க் கேட்டால் "அது மானியத்தில் வைத்தது, காண்டிராக்ட் முடிந்துவிட்டது" என்கிறார்கள். மானியத்தில் வந்தால் வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடலாமா?
*ஒரு தாய், பேராக் மாநிலத் தோட்டப்புற ஊர்*

பதில்: அம்மா, கழுத்தில் காயம் ஏதும் இல்லையே? இழுத்த வேகத்தில் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் கழித்துத்தான் வலி காட்டும், ஒரு தடவை கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

விட்டுவிடக் கூடாது. ஆனால் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் சரியான இடத்தில் கேட்க முடியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஊராட்சி மன்றத்துக்கு இரண்டு பை. ஒன்று சொந்தப் பை: வருடத்துக்கு இரண்டு தடவை நாம் கட்டும் மதிப்பீட்டு வரி, கடை லைசன்ஸ், பார்க்கிங், சமன் (அபராதப்) பணம் எல்லாம் அதில் விழும். இன்னொரு பை மேலேயிருந்து, மத்திய அரசும் மாநில அரசும் தரும் மானியம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தன் 39ஆம் பிரிவில் இந்த இரண்டையுமே மன்றத்தின் வருமானம் என்றுதான் சொல்கிறது. அந்த ஒரு வரியை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "அது மானியப் பணம், எங்கள் பணம் இல்லை" என்று கவுண்டரில் யாராவது சொன்னால் அது சரியான பதில் இல்லை. மன்றத்தின் கைக்கு வந்த நிமிடமே அது மன்றத்தின் பணம், அதில் வாங்கிய பொருள் மன்றத்தின் பொருள்.

இந்தக் கேமராக்கள் எப்படி வந்தன என்றால், 2004ல் பண்டார் செலாமாட் என்று பாதுகாப்பான நகரத் திட்டம் தொடங்கினார்கள். 23 நடவடிக்கைகள் அதில். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே தடுப்புக் கம்பி, இருட்டான சந்துகளில் விளக்கு, புதர் வெட்டுவது, முடுக்குகளில் வளைந்த கண்ணாடி, சிசிடிவி என்று போகும். யோசித்துச் செய்த திட்டம்தான் அது. வழிப்பறிக்காரன் மோட்டாரை நடைபாதை ஓரமாக ஓட்டி வந்துதான் கையை நீட்டுகிறான், அந்த இடைவெளியை ஒரு கம்பி அடைத்துவிடுகிறது. அப்புறம் 2010ல் அரசாங்க உருமாற்றத் திட்டம் வந்தபோது குற்றத்தைக் குறைப்பது ஆறு முக்கியத் துறைகளில் ஒன்றானது, ஊராட்சி மன்றங்களும் போலீசும் சேர்ந்து வேலை செய்யும்படி ஆனது.

தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், திட்ட மானியம் பெரும்பாலும் பொருள் வாங்கத்தான் வரும். கம்பம், கேமரா, கேபிள், பதிவுப் பெட்டி, பொருத்துகிற கூலி. உத்தரவாதக் காலம் இருக்கும் வரை குத்தகைக்காரர் வந்து பார்ப்பார். அது முடிந்த மறுநாளிலிருந்து மின்சாரக் கட்டணம், இணைய இணைப்பு வாடகை, பழுது பார்க்கிற ஆள், மாற்றுப் பாகம், அறையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிற ஊழியரின் சம்பளம் எல்லாம் சொந்தப் பையிலிருந்து போக வேண்டும். தோட்டப்புற ஊரில் சொந்தப் பை எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும், இரண்டு வரிசைக் கடை, நாலைந்து தாமான் (குடியிருப்பு), ஒரு பாசார் மாலாம் (இரவுச் சந்தை), அதற்கு மேல் வரி தர யார் இருக்கிறார்கள்?

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு வருடம் இப்படித்தான் மானியம் வந்தது, வருடக் கடைசியில். டிசம்பர் 31க்குள் செலவு காட்டாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். எல்லோரும் ராத்திரி வரை உட்கார்ந்து குவொட்டேஷன் எடுத்தோம், வாங்கினோம், பொருத்தினோம், படம் எடுத்துப் போட்டோம். பராமரிப்புக்கு அடுத்த வருட பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று நான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன், ஆனால் பட்ஜெட் அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. இரண்டாவது வருடம் ஒரு மாலை நேர இடியில் நாலு கேமரா போனது. கம்பங்கள் மட்டும் நின்றன, கோயில் திருவிழாவுக்கு அதில் தோரணம் கட்டினார்கள். அந்தக் குறிப்பை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றுவரை உறுத்துகிறது, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மன்றத் தலைவருக்குக் கடிதம் எழுதி நாலு விஷயம் கேளுங்கள்: அந்தக் கம்பம் எந்த வருடம் எந்த ஒதுக்கீட்டில் வைத்தது, உத்தரவாதம் எப்போது முடிந்தது, இந்த வருட பட்ஜெட்டில் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, கடைசியாக எந்தத் தேதியில் ஆள் வந்து பார்த்தார். "கேமரா வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் "கவனிக்கிறோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், பட்ஜெட் வரியைக் கேட்டால் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடிதத்தில் போலீஸ் ரிப்போர்ட் எண்ணையும் போடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: ஓடுகிற கேமராவாக இருந்தாலும் பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்து அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும். சம்பவம் நடந்த அன்றைக்கே ரிப்போர்ட் செய்யும்போது "பதிவை எடுத்து வையுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி, அதை ரிப்போர்ட்டிலும் எழுத வையுங்கள்.

*

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தண்டல், தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்தவன். 40 வருடம் தோட்டத்தில் இருந்தேன், இப்போதும் லயத்தில்தான் குடியிருக்கிறேன். டவுனில் பளிச்சென்று எல்இடி விளக்கு போட்டிருக்கிறார்கள். எங்கள் லயத்திலிருந்து மெயின் ரோடு வரை செம்பனைக்கு நடுவே ஒரே இருட்டு. பிள்ளைகள் டியூஷன் முடிந்து அந்த வழியாகத்தான் வர வேண்டும். பாதுகாப்புக்கு வருகிற மானியத்தில் எங்களுக்குப் பங்கு கிடையாதா?
*ஒரு தண்டல், சிலாங்கூர்*

பதில்: ஐயா, உங்கள் கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வி மாதிரி. நான் பிறந்தது பால்மரத் தோட்டத்து லயத்தில். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) அம்மா இருட்டில் கிளம்பிப் போவார், ஜாகா (காவலாளி) நிற்கிற கேட் வரைக்கும்தான் வெளிச்சம்.

பதில் உங்களுக்குப் பிடிக்காது, ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். தோட்டத்துக்குள் போகும் சாலை நிறுவனத்தின் சொந்த நிலம். தனியார் நிலத்தில் மன்றம் பொதுப் பணத்தைப் போட்டால் கணக்காய்வில் கேள்வி வரும், அதைச் சொல்லித்தான் ஒதுங்குகிறார்கள். மாநிலச் சாலைகளுக்கு மத்திய அரசு தருகிற பராமரிப்புப் பணமும் மாரிஸ் என்ற பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான் வரும். உங்கள் செம்மண் சாலை அதில் இருக்காது. வரைபடத்தில் நீங்கள் மன்றத்தின் எல்லைக்குள்ளே இருப்பீர்கள், விளக்குக் கம்பம் மட்டும் உங்கள் வாசல் வரை வராது. இது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வரிப்பணம் போட்டு ஒரு ஊரைப் பாதுகாக்கிறோம் என்றால் அந்த ஊரில் ரொம்பவும் இருட்டான இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. தொழிலாளர் குடியிருப்புக்கு முதலாளிதான் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம், சட்டம் 446 சொல்கிறது. வீட்டு நிலைமை, தண்ணீர், மின்சாரம் இவற்றில் குறை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். இன்னும் வேலையில் இருக்கிற ஒருவர் பெயரில் போனால் நல்லது, ஓய்வு பெற்றவர் பெயரில் போனால் குடியிருப்பையே காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது எனக்கும் தெரியும். அடுத்து, தோட்டத்துச் சாலை மெயின் ரோட்டில் வந்து சேரும் முனை பொது இடம். அங்கே ஒரு விளக்கு, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு விளக்கு வேண்டும் என்று கேட்டால் மன்றம் "தனியார் நிலம்" என்று சொல்ல முடியாது. அதில் முதலில் ஆரம்பியுங்கள். மூன்றாவது, மேனேஜரிடம் பேசி மன்றத்துக்கு நிறுவனமே ஓர் அனுமதிக் கடிதம் தருமா என்று பாருங்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி ஒதுக்கீட்டிலிருந்து சின்ன வேலைகள் செய்ய முடியும், ஆனால் நில உரிமையாளர் சம்மதம் இல்லாமல் அவரும் கை வைக்க மாட்டார். விளக்கு வந்தால் மாதாமாதம் டிஎன்பி மின்சார பில் யார் கட்டுவது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் அணைந்துவிடும்.

*

கேள்வி: மஜ்லிஸ் அமலாக்க அதிகாரிகள் சீருடையில் நாலு சக்கர வாகனத்தில் சுற்றுகிறார்கள். கடைக்காரருக்கு சமன் போடத் தெரிகிறது, கண் முன்னால் திருடன் ஓடினால் பிடிக்க மாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்கு ஏன் பணம்?
*ஒரு கல்லூரி மாணவர், கூலிம்*

பதில்: தம்பி, அவர்கள் போலீஸ் இல்லை. போலீஸ் மத்திய அரசின் கீழ், உள்துறை அமைச்சின் பட்ஜெட்டில் வருகிறது. ஊராட்சி மாநிலத்தின் கீழ். மன்றத்து அதிகாரிகள் துணைச் சட்டங்களை அமல் செய்யத்தான் இருக்கிறார்கள், குப்பை, லைசன்ஸ், நடைபாதைக் கடை, பார்க்கிங் மாதிரி. துணைச் சட்ட மீறலுக்கு சட்டம் 171ன்படி போடக்கூடிய அபராதமே அதிகபட்சம் 2,000 ரிங்கிட்தான், சிறை ஒரு வருடத்துக்கு மேல் போகாது.

ஆனால் கண் முன்னால் நடக்கும் பெரிய குற்றத்தில், ஜாமீன் இல்லாத, வாரண்ட் தேவைப்படாத வகை என்றால், சாதாரண மனிதரே பிடித்து உடனே போலீசிடம் ஒப்படைக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் "எங்களுக்கு அதிகாரமே இல்லை" என்பது முழு உண்மை கிடையாது. இருந்தாலும் கத்தி வைத்திருப்பவனைத் துரத்து என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், உனக்கும்தான். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 999 அழைப்பது போதும்.

*

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறாள். அங்கே நகர மன்றக் கூட்டத்தில் "போலீசுக்கு மத்திய அரசு மானியம் வாங்கலாமா" என்று ஓட்டு எடுத்தார்களாம், இவளும் போய்ப் பேசினாளாம். நம் ஊரில் ஏன் அப்படி இல்லை?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, சுங்கை சிப்புட்*

பதில்: டீச்சர், அங்கே அமைப்பே வேறு. அமெரிக்காவில் ஏறக்குறைய 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன, பெரும்பாலானவை நகரம், கவுண்டி என்று உள்ளூர் நிர்வாகத்தின் கீழ். போலீஸ்காரரின் சம்பளத்தை நகரமே தருகிறது, அதனால் மத்திய அரசு பணம் தர வந்தால் அதை ஏற்பதா வேண்டாமா என்று நகர மன்றம் முடிவு செய்கிறது.

அப்படி வரும் மானியங்களில் பெரியது எட்வர்ட் பர்ன் நினைவு நீதி உதவி மானியம். 1988ல் நியூயார்க்கில் ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவல் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட இளம் போலீஸ்காரரின் பெயர் அது. மக்கள்தொகையையும் வன்முறைக் குற்ற எண்ணிக்கையையும் வைத்துப் பங்கு போடுவார்கள், ஒவ்வொரு மாநிலத்தின் பங்கிலும் 60 விழுக்காடு மாநில அரசுக்கு, 40 விழுக்காடு உள்ளூர் நிர்வாகங்களுக்கு. விண்ணப்பத்தை அனுப்ப குறைந்தது 30 நாளுக்கு முன்னால் நகர மன்றத்தின் பார்வைக்கு வைக்க வேண்டும், மக்கள் கருத்துச் சொல்லவும் இடம் தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் மகள் போய்ப் பேசியதும் இப்படிப்பட்ட ஒரு கூட்டமாக இருக்கும்.

எனக்கு அதில் பிடித்தது இரண்டு நிபந்தனை. மானியம் வந்துவிட்டது என்று, ஏற்கெனவே போலீசுக்கு ஒதுக்கிய சொந்தப் பணத்தை எடுத்து வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது, மானியம் அதற்கு மேல் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று 1994ல் தொடங்கிய காப்ஸ் என்ற அலுவலகம் தரும் ஆள் சேர்ப்பு மானியத்தில் இருக்கிறது. புதிதாக எடுக்கும் போலீஸ்காரருக்கு மூன்று வருடம் சம்பளத்தில் 75 விழுக்காடு வரை மத்திய அரசு தரும், ஒரு உச்சவரம்புக்குள். அந்தக் காலம் முடிந்த பிறகு குறைந்தது 12 மாதம் நகரமே தன் காசில் அவரை வைத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுவார்கள். மானியம் முடிந்த மறுநாள் என்ன என்ற கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுகிறார்கள் பாருங்கள். அந்த ஒரு கேள்வியை மட்டும் நம் மன்றங்கள் கேமரா வாங்கும் முன் கேட்டிருந்தால், பேராக்கிலிருந்து எழுதிய அந்த அம்மாவுக்கு இன்றைக்கு ஒரு பதிவாவது கிடைத்திருக்கும்.

*

கேள்வி: எங்கள் தாமானின் ருக்குன் தெத்தாங்காவுக்கு (அக்கம்பக்கத்தார் ரோந்துக் குழுவுக்கு) மானியம் வந்தது. டார்ச் லைட், மேலங்கி, விசில் வாங்கினோம். மீதி இருக்கிறது. தீபாவளி விருந்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று குழுவில் பேச்சு வருகிறது. எல்லோருக்கும்தானே சாப்பாடு?
*ஒரு செயலாளர்*

பதில்: எடுக்காதீர்கள். எந்த வேலைக்கு என்று கடிதத்தில் போட்டு வந்ததோ அதற்கு மட்டும்தான். ரோந்துக்கு வந்த பணத்தில் ரோந்து. ஒற்றுமை நிகழ்ச்சிக்கும் அனுமதி உண்டு என்று கடிதத்தில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஒற்றுமைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு செய்யுங்கள். ஃபோனில் "பரவாயில்லை" என்று சொன்னதை நம்பிச் செய்து, மூன்று வருடம் கழித்து அந்த அதிகாரி மாற்றலாகிப் போன பிறகு செயலாளர் தலையில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். ருக்குன் தெத்தாங்கா 1975ல் இருந்து இருக்கிறது, 2012ல் அதற்கென்றே தனிச் சட்டம், சட்டம் 751 வந்துவிட்டது, இனிமேல் இது நண்பர்கள் கூடி நடத்துகிற சங்கம் மாதிரி கிடையாது. மீதிப் பணத்தில் பேட்டரியும் மழைக்கோட்டும் வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில்தான் ரோந்து நின்றுபோகிறது, திருடனுக்கும் அது தெரியும்.

*

கேள்வி: கவுன்சிலரை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. அப்புறம் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?
*ஒரு கடைக்காரர், பந்திங்*

பதில்: நியாயமான வருத்தம். ஒரு காலத்தில் நாமும் ஓட்டுப் போட்டோம். ஜார்ஜ்டவுனில் 1951 டிசம்பரில் நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. 1965ல் இந்தோனேசிய மோதல் காலத்தில் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். அப்போது ஊராட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968 அறிக்கையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தார். அது நிறைவேறவில்லை. 1976 சட்டம் வந்து, மாநில அரசு நியமிக்கும் உறுப்பினர்கள் என்று ஆனது, ஒரு மன்றத்துக்கு 8 பேருக்குக் குறையாமல் 24 பேருக்கு மிகாமல். ஆதி நாகப்பன் சொன்னதை ஒருநாள் செய்வார்கள் என்று நான் இன்னும் எதிர்பார்க்கிறேன்.

ஆனால் அதே 1976 சட்டத்தில் நமக்கு இரண்டு கதவு இருக்கிறது, அதை யாரும் தட்டுவதில்லை. 23ஆம் பிரிவின்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய நீங்கள் போய் உட்காரலாம், பேச முடியாது, கேட்கலாம். துணைக் குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. 27ஆம் பிரிவின்படி வரி கட்டுகிறவர் தலைவரின் சம்மதத்தோடு கூட்டக் குறிப்பைப் பார்க்கலாம், கட்டணம் கட்டி நகலும் வாங்கலாம். எந்தக் கூட்டத்தில் எந்த மானியத்தை ஏற்றார்கள், யாருக்குக் குத்தகை போனது என்பதெல்லாம் அந்தக் குறிப்பில்தான் இருக்கும். நீங்கள் சிலாங்கூர்க்காரர், உங்களுக்கு 2011ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டமும் இருக்கிறது, பினாங்கு மக்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தின்படி தகவல் கேட்கும் விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் வாய்மொழியாகத் தட்டிக் கழிக்க முடியாது.

என் காலத்தில் முழுக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் நாற்காலி போட்டு வைப்போம், மாதாமாதம் காலியாகவே இருக்கும். நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மாதம் போய் உட்கார்ந்து பாருங்களேன். கூட்டத் தேதியைச் செயலாளர் பிரிவில் கேட்டால் சொல்வார்கள்.

*

கேள்வி: நீங்கள் முன்பு ஒருமுறை சொன்னபடி மன்றத்துக்குக் கடிதம் எழுதினேன் அக்கா. இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கிடைக்கவே இல்லை என்கிறார்கள்.
*ஒரு வாசகி, குளுவாங்*

பதில்: இரண்டு நகலாக எழுதுங்கள், மலாயில். கவுண்டரில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு "தெரிமா" (பெற்றுக்கொண்டோம்) என்ற சாப், அதாவது முத்திரை, அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். சாப் அடிக்கத் தயங்கினால் வாங்கிக்கொண்டவரின் பெயரைக் கேட்டு அவர் முன்னாலேயே நகலில் எழுதுங்கள். மூன்று வாரம் பாருங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சாப் அடித்த நகலை இணைத்து அதே கடிதத்தை மாநில ஊராட்சித் துறை ஆட்சிக்குழு உறுப்பினருக்கும், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள், எனக்கும் ஒரு நகல் போடுங்கள்.